கிளைபேடாவிலிருந்து ஜித்தாவுக்கு ஒரு கப்பல் கோதுமை

நேயர்களுக்கு வணக்கம்.

பால்டிக் கடலோரத்தில் இருக்கும் லிதுவேனியாவின் மக்கள்தொகை முப்பது லட்சத்துக்கும் குறைவு. விளையும் கோதுமையில் பெரும்பகுதியை அது வெளிநாட்டுக்கு விற்றாக வேண்டும். அந்தக் கோதுமையை வாங்கும் முக்கிய நாடுகளில் ஒன்று சவூதி அரேபியா. இந்த உறவு தூதரக விருந்துகளில் வளர்ந்ததல்ல. டெண்டர் தாளில் உள்ள சில எண்கள்தான் இதைத் தாங்கி நிற்கின்றன.

பாலைவனத்தின் நிலத்தடி நீரை இறைத்துக் கோதுமை விளைவித்த சவூதி, 2008-ல் உள்நாட்டுக் கொள்முதலைப் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்து, 2016-ல் நிறுத்தியது. பிறகு ஓரளவு சாகுபடியை அனுமதித்தாலும், தேவையின் பெரும்பகுதி இறக்குமதிதான். அரசு தானிய அமைப்பு டெண்டர் விடும். ஒரு கப்பலுக்கு ஏறத்தாழ 60,000 டன். புரதம் குறைந்தது 12.5 சதவீதம். விலையில் கப்பல் வாடகையும் அடக்கம். எந்த நாட்டுச் சரக்கு என்பதை விற்பவரே தேர்ந்தெடுக்கலாம். அதாவது, டெண்டரை வெல்வது சர்வதேச வணிக நிறுவனம். தரமும் விலையும் ஒத்துவந்தால்தான் அது லிதுவேனியாவின் கிளைபேடா துறைமுகத்துக்குக் கப்பலை அனுப்பும்.

இங்கேதான் ஒரு பூச்சி வருகிறது. கருங்கடல் பகுதியில் ஒருவகை நாவாய்ப்பூச்சி பால் பிடிக்கும் பருவத்தில் கதிரில் ஊசிபோல் குத்திச் சாற்றை உறிஞ்சும். அப்போது அது செலுத்தும் நொதி மணியிலேயே தங்கிவிடும். மாவைப் பிசைந்து வைத்தால், மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனை நொதி சிதைக்கும். மாவு தளர்ந்து ஒட்டும், ரொட்டி உப்பாது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்குக் குபூஸ் எப்படி உப்பி வரவேண்டும் என்று தெரியும். சேதமான மணிகளுக்குச் சவூதி இடமே கொடுக்கவில்லை. குளிரான பால்டிக் வயல்களில் அந்தப் பூச்சித் தொல்லை இல்லை. டெண்டரின் அந்த ஒரு வரிதான் லிதுவேனியாவுக்கும் லாட்வியாவுக்கும் பாதுகாப்பு வேலியாக இருந்தது. 2019 ஆகஸ்டில் சவூதி 0.5 சதவீதம் வரை சேதத்தை ஏற்பதாக அறிவித்தது. ரஷ்யக் கோதுமைக்குக் கதவு திறந்தது. அதன்பின் பால்டிக் விவசாயி விலையிலும் போட்டி போட வேண்டியதாயிற்று.

அவருக்குப் பெரிய எதிரி ஆகஸ்ட் மழை. அறுவடைக்கு நிற்கும் கதிர் நனைந்தால் மணி முளைக்கத் தொடங்கும், மாவுச்சத்தை உடைக்கும் நொதி பெருகும். இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளிது. 7 கிராம் மாவை 25 மில்லி தண்ணீரில் கலந்து, குழாயைக் கொதிநீரில் வைத்து ஒரு நிமிடம் கலக்குவார்கள். பிறகு கலக்குங்கோல் தன் எடையிலேயே கஞ்சிக்குள் இறங்கும். தொடக்கத்திலிருந்து ஆன மொத்த விநாடிகள்தான் கணக்கு. நொதி கூடுதலாக இருந்தால் கஞ்சி நீர்த்து, கோல் சீக்கிரம் இறங்கிவிடும். 250-க்குக் குறைந்தால் ரொட்டிக் கோதுமை என்ற பெயர் போய், கால்நடைத் தீவனத்துக்குத்தான் விலை போகும். புரதம் 13 இருந்தாலும் இதில் தப்ப முடியாது.

ஈரமாக அறுத்ததை 14 சதவீதத்துக்குக் கீழே உலர்த்த வேண்டும். அவசரத்தில் சூட்டை ஏற்றி, மணியின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டினால் குளூட்டன் கெடும். வெளியே பார்த்தால் மணி பளபளவென்றுதான் இருக்கும். பிசைந்தால்தான் குட்டு வெளிப்படும்.

கப்பலிலும் கவனம் வேண்டும். குளிர்காலத்தில் ஏற்றிய மணி குளிர்ந்தே கிடக்கும். செங்கடலின் வெப்பமான ஈரக் காற்றை உள்ளே விட்டால் அந்த ஈரம் மணியின் மேலேயே வேர்த்து, மேலடுக்கு கட்டிபிடித்துப் பூஞ்சை பூக்கும். ஆகவே அங்கே காற்றுத்துளைகளை மூடியே வைக்க வேண்டும். பூச்சியைக் கொல்ல வாயு செலுத்துவதற்கும் குளிர் தடைதான்: மணி 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் பாஸ்பீன் வாயு பூச்சியை ஒழுங்காகக் கொல்லாது.

இறக்கும் துறைமுகத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். ஜித்தாவும் யான்புவும் சூயஸைத் தாண்டியதும் வந்துவிடும். ஜிசான் யேமன் எல்லையருகே இருக்கிறது. தம்மாமோ வளைகுடாவுக்குள், சூயஸ் வழியே போனால் செங்கடலின் தெற்கு வாயிலான பாப் அல் மந்தப் நீரிணையைக் கடந்தாக வேண்டும். 2023 இறுதியில் யேமனின் ஹூத்தி கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபின், அந்த வழி போனால் போர்க்காப்பீடு அதிகம். ஆப்பிரிக்காவைச் சுற்றினால் ஏறத்தாழ இரண்டு வாரம் கூடும். வாடகை விற்பவர் தலையில் என்பதால், ஒரே வயலின் கோதுமைக்கு ஜித்தாவுக்கு ஒரு விலையும் தம்மாமுக்கு வேறொரு விலையும் சொல்ல வேண்டியிருக்கிறது.