வைமாக்ஸா, எல்.ரி.ஈ.யா? சரியான குதிரையில் கட்டியும் காசு போன கதை

வணக்கம் உறவுகளே! வைமாக்ஸ், எல்.ரி.ஈ. இரண்டும் கம்பியில்லாமல் இன்ரநெற் தரப் போட்டிபோட்ட தொழில்நுட்பங்கள், பந்தயக் குதிரைகள் மாதிரி. எந்தக் குதிரை வெல்லும் என்று சரியாகக் கணித்த ஒரு பெரிய கம்பனி, அந்தக் குதிரை ஓடத் தொடங்குமுன்பே விழுந்துவிட்டது. எந்தக் கம்பனி? கடைசியில் சொல்கிறேன், நடுவில் ஓடிவிடாதீர்கள்.

(காட்சி: யாழ்ப்பாணம் திருநெல்வேலி வீட்டு ஜன்னல்)

இந்த விளிம்பில் சதுரமாக ஒரு கறை தெரிகிறதா? எங்கள் வைமாக்ஸ் பெட்டி இருந்த இடம். மாப்பேணிக்கு மேலே ஏற்றி, கிழக்கே கொஞ்சம் திருப்பி வைத்தால்தான் மூன்று லைற் எரியும். யாராவது கதவை அடித்துச் சாத்தினால் இரண்டாகிவிடும்.

2010 வாக்கில் அந்தப் பெட்டி வழியாகத்தான் ரொறொன்ரோ மாமாவும் எங்கள் சித்தப்பாவும் ஸ்கைப்பில் சண்டை பிடிப்பார்கள். மாமாவுக்குப் பங்குச் சந்தைப் பைத்தியம். "வைமாக்ஸ்தான் மச்சான் வெல்லும். இன்ரெல்காரனே காசைக் கொட்டியிருக்கிறான்" என்பார். சித்தப்பா விடமாட்டார்: "கோபுரம் ஆரின்ர கையில இருக்குதோ, அவன் எடுக்கிறதுதான் வெல்லும்."

பின்னணி அரை நிமிடம்தான். வைமாக்ஸ் கணினிக்காரர்கள் பக்கம் பிறந்தது. எல்.ரி.ஈ. கைபேசிக்காரர்கள் பக்கம். (எழுத்தை எண்ணிச் சொல்லுங்கள், ஒன்று கூடினால் நான் பொறுப்பில்லை.) சரி, போதும்.

இனித்தான் எனக்குப் பிடித்த இடம். இரண்டின் வயிற்றுக்குள்ளும் இருந்தது ஒரே சரக்கு: ஓ.எஃப்.டி.எம். என்ற, ரேடியோ அலையில் தகவல் அனுப்பும் முறை.

கோயில் திருவிழாவில் அறிவிப்பாளர் ஒலிபெருக்கியில் வேகமாகக் கதைப்பதைக் கேட்டிருப்பீர்கள். எதிர்ச் சுவரில் பட்டு வரும் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் ஏறிவிடும். காணாமற்போனது பிள்ளையா, செருப்பா என்றே விளங்காது. அதே ஒலிபெருக்கியில் நாதஸ்வரக்காரர் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிக்கட்டும். எதிரொலி அந்தச் சுரத்துக்குள்ளேயே கரைந்துவிடும், காதுக்கு உறுத்தாது.

ரேடியோ அலையும் அப்படித்தான். சுவர், தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றிலும் பட்டுப் பிந்தி வரும். அதனால் வேகமாகக் கதைக்கும் ஒருவரை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு சுருதியில் நீட்டி வாசிக்கும் பலரை ஏற்றினார்கள். அதாவது ஒரு வேகமான அலைக்குப் பதில் மெதுவான பல சிறு அலைகள். எல்.ரி.ஈ.யில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை அகலத்துக்கு எத்தனை பேர் தெரியுமா? 1200! மேளக்காரர் கூலியை நினைத்துப் பாருங்கள். இதிலே எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை.

உள்ளே ஒரே சரக்கு என்றால் முதலீட்டாளர்கள் எதற்காக அடிபட்டார்கள்? சரக்குக்காக இல்லை, ஆட்களுக்காக. 2006இல் கிளியர்வயர் என்ற அமெரிக்க வைமாக்ஸ் கம்பனியில் இன்ரெல் 60 கோடி டொலர் போட்டது. 2008இல் இன்ரெல், கூகுள், கொம்காஸ்ட் எல்லாம் சேர்ந்து 320 கோடி. ஆனால் அதற்கு முதல் வருடமே அமெரிக்கக் கைபேசிக் கம்பனி வெரைசன் தன் தெரிவு எல்.ரி.ஈ. என்று சொல்லிவிட்டது. பழைய கோபுரக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். சித்தப்பா சொன்னதுதான் நடந்தது.

கைபேசிச் சில்லு செய்யும் குவால்கொம் பலே கள்ளன். இந்த இரண்டுக்கும் போட்டியாக வைத்திருந்த சொந்தக் குதிரையை 2008இல் தானே கைவிட்டது. ஆனால் 2006 தொடக்கத்திலேயே ஃபிளேரியன் என்ற கம்பனியை அதன் ஓ.எஃப்.டி.எம். காப்புரிமைகளுக்காக வாங்கி வைத்திருந்தது. எந்தத் தேர் ஓடினாலும் வடம் அதனிடம் இருந்தது.

இப்போது அந்தக் கம்பனி. மாமாவின் நாட்டுக் கம்பனிதான், கனடாவின் தொலைத்தொடர்புக் கருவிக் கம்பனி நோர்ட்டெல். 2008இல் வைமாக்ஸை ஒதுக்கி எல்.ரி.ஈ. பக்கம் திரும்பியது, மிகச் சரியான முடிவு. 2009 ஜனவரியில் திவால். உலகின் முதல் எல்.ரி.ஈ. சேவை ஸ்ரொக்ஹோமிலும் ஒஸ்லோவிலும் தொடங்கியது அந்த வருடம் டிசம்பரில். நோர்ட்டெலின் காப்புரிமைகளை அப்பிள், மைக்ரோசொஃப்ற் கூட்டணி 2011இல் 450 கோடி டொலருக்கு வாங்கியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு சதமும் இல்லை. இதை மாமாவிடம் சொன்னால் கதையைக் காலநிலைக்கு மாற்றிவிடுவார்.

உங்கள் வீட்டில் பழைய வைமாக்ஸ் பெட்டி கிடந்தால் படம் எடுத்துக் கொமென்ற்றில் போடுங்கள். எங்கள் பெட்டி எங்கே போனதோ தெரியாது. அடப்டர் மட்டும் கோழிக்கூட்டு லைற்றுக்கு இன்றைக்கும் வேலை செய்கிறது.