திரீனா ஆற்றுப் பாலமும் நம் ஊர் நூலகமும்

தலைவர் அவர்களே, இன்னொரு கூட்டம் இருந்தும் எனக்காக உட்கார்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்ட நண்பர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அந்தக் காசில் இரண்டு புத்தகம் வாங்கியிருக்கலாம், சரி, போகட்டும்.

ஐரோப்பிய எழுத்தாளர் இவோ ஆண்ட்ரிச்சின் பிறப்பு, எழுத்து, தூதர் உத்தியோகம் என்று மூன்றையும் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். 1892இல், பிற்பாடு யுகோஸ்லாவியா என்ற நாட்டோடு சேர்ந்த போஸ்னியாவில் பிறந்தார். இரண்டு வயதில் அப்பா இல்லை. விஷெகிராத் ஊரில் அத்தை வீட்டில் வளர்ந்தார். அங்கே திரீனா ஆற்றில் 11 கண் வைத்த கல் பாலம்.

'ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின் நீ யாரோ நான் யாரோ' என்பார்கள். நான் ஏறாத மேடையிலும் இதைச் சொல்வேன் என்று என் வீட்டம்மா கேலி செய்வார்.

அந்தப் பாலத்தைத்தான் ஆண்ட்ரிச் நாவலாக்கினார். துருக்கி சுல்தானின் ஆட்கள் படைக்கும் அரண்மனை வேலைக்கும் கிறித்தவக் கிராமங்களில் பையன்களைப் பிடிக்கிறார்கள். குதிரையின் இரு பக்கமும் கூடை, கூடைக்குள் பையன்கள். பின்னாலேயே தாய்மார்கள், தலைவிரி கோலமாக. ஆற்றங்கரை வந்தது. பாலம் கிடையாது, பழைய ஓடம் ஒன்றுதான். பையன்கள் ஏறினார்கள், தாய்மார்கள் கரையிலேயே நின்றார்கள். அந்தக் கூடைப் பையன்களில் ஒருவன் பிற்காலத்தில் பேரரசின் தலைமை அமைச்சர், மெஹ்மத் பாஷா சோகொலோவிச்! பதவி வந்தது, மாளிகை வந்தது; அந்தக் கரையை நினைத்தால் மட்டும் நெஞ்சைக் கத்தி கீறியதுபோல் ஒரு வலி. அதே இடத்தில் பாலம் கட்டச் சொன்னார். 1577இல் வேலை முடிந்தது. ஆறு கடந்தும் அக்கரையை மறக்காத மனுஷன்!

ஆண்ட்ரிச்சும் அப்படித்தான். பெர்லினில் யுகோஸ்லாவியத் தூதர். 1941இல் ஜெர்மனி யுகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் குண்டு போட்டது, நாட்டையும் பிடித்தது. ஊர் திரும்பியவர், ஆக்கிரமிப்பு முடியும்வரை எதையும் அச்சிட மாட்டேன் என்று நண்பர் வீட்டு அறையில் உட்கார்ந்து எழுதினார். 1945இல் மூன்று நாவல்கள் வந்தன. 1961இல் நோபல். அந்தப் பணம் எங்கே போனது? போஸ்னியாவின் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கப் போனது!

இப்போது நம் கிளை நூலகத்துக்கு வருகிறேன். கூரை ஒழுகுகிறது என்று பூட்டினார்கள், ஒன்றரை வருஷம் ஆகிறது. அங்கே படித்துத் தேர்வெழுதி வேலைக்குப் போனவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். ஆறு கடந்தாயிற்று, இல்லையா?

தலைவர் மணி அடித்துவிட்டார். தூதர் கதை அப்புறம். வாசல் மேஜையில் மனு இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் ஐயா, முதல் கையெழுத்து உங்களுடையது.