0.93 வில்நொடி

நேயர்களுக்கு வணக்கம்.

ஆயிரம் காக்கை கறுப்பாக இருந்தாலும், அடுத்ததும் கறுப்புதான் என்று தர்க்கம் உறுதி தராது. கண்டவற்றிலிருந்து பொது விதிக்குத் தாவும் தொகுத்தறிதலில் உள்ள இந்த ஓட்டையைத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். இருபதாம் நூற்றாண்டுத் தத்துவஞானி கார்ல் பாப்பர் விஷயத்தைத் திருப்பிப் போட்டார்: ஒரே ஒரு வெள்ளைக் காக்கை போதும், விதி விழுந்துவிடும். சரி, அந்த வெள்ளைக் காக்கை ஒரு புகைப்படத் தகட்டில் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக இருந்தால்?

1919 மே 29, முழு சூரிய கிரகணம். சூரியனை ஒட்டித் தெரியும் விண்மீன்களை அப்போதுதான் படமெடுக்க முடியும்; அவற்றின் ஒளி வளைந்தால், படத்தில் அவை இடம் நகர்ந்து தெரியும். நம் ஊரில் கத்திரி முடிகிற சமயம், சூரியன் ரோகிணி பக்கம் நிற்கும்; அங்கே ஹயடீஸ் விண்மீன் கூட்டம் இருப்பது வசதி. சூரிய விளிம்பில் ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) வளையும் என்றது ஐன்ஸ்டீனின் கணக்கு. நியூட்டன் வழியில் 0.87. பிரேசிலின் சோப்ராலில் இரண்டு தொலைநோக்கிகள். ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான பிரின்சிபியில் பிரிட்டிஷ் வானியலாளர் ஆர்தர் எடிங்டன்.

சோப்ராலின் நான்கு அங்குலக் கருவி 1.98 தந்தது. பிரின்சிபியில் மேகம், தேறியவை இரண்டே தகடுகள், விடை 1.61. சோப்ராலின் பெரிய கருவி தந்ததோ 0.93. அதாவது, நியூட்டன் பக்கம்!

அப்படியானால் ஐன்ஸ்டீன் பொய்த்தாரா? அந்த 0.93-ஐ ஆய்வுக்குழுவினர் ஒதுக்கினார்கள். காரணம், வெயிலில் கண்ணாடி சூடேறிக் குவியம் மாறியிருந்தது; விண்மீன்கள் மங்கிப் பரவியிருந்தன. குவியம் மாறினால் படத்தின் அளவுகோலே மாறும். அதனால் வரும் நகர்வு படத்தின் நடுவிலிருந்து விலக விலகக் கூடும். ஈர்ப்பால் வருவது விலக விலகக் குறையும். தெளிவான படத்தில் இரண்டையும் பிரித்துவிடலாம். மங்கலில் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடும். அளவுகோல் மாறவில்லை என்று வைத்துக்கொண்டால் அதே தகடுகள் 1.52 தருகின்றன.

இது கோட்பாட்டைக் காப்பாற்றச் சொன்ன சாக்கு இல்லையா? நியாயமான சந்தேகம். எந்தக் கோட்பாடும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை, கண்ணாடியையும் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும் என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டுஹெம் முன்பே சொல்லியிருந்தார். இங்கே நான் பார்ப்பது தேதியை. குவியம் கெட்டதை மே 30 அதிகாலை 3 மணிக்கு, தகடுகளைக் கழுவிய கையோடு எழுதிவைத்துவிட்டார்கள். அளவெடுத்தது பிறகுதான். எண்ணைப் பார்த்தபின் கண்டுபிடித்த குறையாக இருந்தால் நான் நம்பமாட்டேன்.

இனி நிகழ்தகவு. 1.98-க்கு அவர்கள் தந்த பிழை 0.12. அன்றைய வழக்கப்படி, உண்மை மதிப்பு அந்த எல்லைக்குள் இருக்கும் வாய்ப்பு சரிபாதி. 0.87 அந்த 1.98-இலிருந்து பிழையைப் போல ஒன்பது மடங்கு தள்ளி நிற்கிறது. தற்செயல் என்று தள்ள முடியாது. 1.75-உம் இரண்டு மடங்கு தள்ளித்தான். அது ஐந்துக்கு ஒரு தடவை நடக்கும். பிரின்சிபியின் பிழை 0.30 என்பதால், நியூட்டன் சரியாக இருந்தாலுமே அங்கே இவ்வளவு விலகல் பத்துக்கு ஒரு தடவை நடக்கும். எந்த எண்ணும் 'நடக்கவே நடக்காது' என்று சொல்வதில்லை. எவ்வளவு விலகினால் தள்ளுவது என்ற கோட்டை மனிதர்தான் கிழிக்க வேண்டும். பாப்பரும் இதை ஒப்புக்கொண்டார்.

அந்த மங்கலான தகடுகளை 1979-இல் கிரீன்விச் வானாய்வகத்தார் நவீன கருவியால் மறுபடி அளந்தார்கள். வந்தது 1.55, பிழை 0.34.