தப்பிய புகைக்கு எந்த ஆண்டின் கணக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைச் சமூக மன்றத்துக்குத் தந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவும் சீனாவும் கசியவிடும் கரியமில வாயுவை எப்படி ஒப்பிடுவது? ஓர் ஆண்டின் கணக்கைக் கொண்டா, பல்லாண்டுத் தொடர்ச்சியைக் கொண்டா? தொடர்ச்சியே சரி என்பது எங்கள் அணி.

முதலில் கசிவு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். எதிரணித் தம்பி அதை மின்நிலையப் புகையோடு சேர்த்தே பேசிவிட்டார். எண்ணெய் எடுக்கும்போது கூடவே எரிவாயுவும் மேலே வரும். கொண்டுபோகக் குழாய் இல்லையென்றால் கிணற்றடியிலேயே அதைக் கொளுத்திவிடுவார்கள். ஒரு டன் மீத்தேன் எரிந்தால் 2.75 டன் கரியமில வாயு. அது கசிவுக் கணக்கில் வரும். எரிவாயுவைச் சுத்தம் செய்யும்போது பிரித்து வானில் விடுகிற கரியமில வாயுவும் அதில் சேரும். நம் சிங்கப்பூருக்குப் பக்கத்தில், இந்தோனேசியக் கடலில் உள்ள கிழக்கு நத்துனாவில் 1973இல் கண்டுபிடித்த வாயு வயலில் சுமார் 70 விழுக்காடு கரியமில வாயுதான். அது இன்னும் திறக்கப்படாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம். அப்புறம், நிலக்கரிப் படுகையில் பற்றிக்கொண்டு அணையாமல் எரியும் தீ. இவற்றால் யார் வீட்டிலும் ஒரு விளக்கு எரிந்ததில்லை, ஓர் உலை கொதித்ததில்லை. என் மனம் பொறுக்காதது அதுதான்.

“போனது போகட்டும், இந்த ஆண்டு யார் அதிகம் என்று பாருங்கள்” என்றார் தம்பி. சரி, எந்த ஆண்டு? 2008ஐ எடுத்தால், அமெரிக்கா நாளொன்றுக்குச் சுமார் 50 லட்சம் பீப்பாய் எண்ணெய்தான் எடுத்தது. பத்தே ஆண்டில், 2018இல், அது ஒரு கோடியைத் தாண்டி உலகிலேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கும் முறை பரவியதால் வந்த ஏற்றம் அது. வடக்கு டகோட்டாவில் கிணறு தோண்டிய வேகத்துக்குக் குழாய் போட முடியவில்லை. ஒரு கட்டத்தில் அங்கே கிடைத்த எரிவாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொளுத்தினார்கள். ஆள் குறைந்த அந்தச் சமவெளி, இரவில் விண்ணிலிருந்து பார்த்தால் பெருநகரம்போல் தெரிந்தது. 2014இல்தான் அந்த மாநிலம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2008ஐ மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கதையில் ஒரு வரிகூடக் கிடைக்காது.

சீனாவை நான் காப்பாற்றப் பார்க்கவில்லை. 2000இல் சுமார் 140 கோடி டன் நிலக்கரி வெட்டிய நாடு, 2023இல் சுமார் 470 கோடி டன் வெட்டியது. உலக உற்பத்தியில் பாதிக்கு மேல். அந்த ஏற்றத்தின் செங்குத்தை எந்தத் தனி ஆண்டும் காட்டாது. தொடர்ச்சியைப் பார்த்தால் இரண்டு நாடுமே தப்ப முடியாது, நடுவர் அவர்களே.

பழைய கணக்கு முழுதாக இல்லையே என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அமெரிக்கா 1990 முதலான ஒவ்வோர் ஆண்டுக்கும் வாயு வெளியேற்றப் பட்டியல் தந்து வந்தது. வளரும் நாடு என்ற வகையில் சீனா 1994, 2005 என்று விட்டுவிட்டுத்தான் தந்தது. அந்த இடைவெளியில்தான் சீனச் சுரங்கங்கள் பெருகின. இப்போது பருவநிலைக்கான பாரிஸ் ஒப்பந்தப்படி சீனாவும் 2024 முடிவிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும். கிணற்றடித் தழலை இரவில் எண்ணும் செயற்கைக்கோள் 2011இலேயே மேலே போய்விட்டது. வழி இருக்கிறது. இடைவெளியைக் காட்டி இடைவெளியையே நியாயப்படுத்தக்கூடாது.

கரியமில வாயுவுக்கு நம் சிங்கப்பூர் போடும் கரிம வரி ஆண்டுக் கணக்கில்தானே வசூலாகிறது என்றார் எதிரணிச் சகோதரி. உண்மை. டன்னுக்கு 5 வெள்ளியில் 2019இல் தொடங்கி, 2024இல் 25 ஆகி, 2026க்கு 45 என்று வைத்தார்கள். வரி வாங்க ஓர் ஆண்டுக் கணக்கு போதும், மறுக்கவில்லை. ஆனால் நாம் இங்கே பில் போட வரவில்லை, இரண்டு பேரை ஒப்பிட வந்திருக்கிறோம்.

2013 ஜூன் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. முகக்கவசத்துக்கு வரிசையில் நின்றோம். காற்று திசை மாறியது, மழை வந்தது, கலைந்துவிட்டது. கரியமில வாயு அப்படிக் கலைவதில்லை. இன்று விடுவதில் ஒரு பகுதி நூற்றாண்டுகள் கழித்தும் வானில் இருக்கும். தாத்தா காலத்துத் தழலும் இன்று காலைத் தழலும் நம் தலைக்கு மேல் ஒன்றாகத்தான் இருக்கின்றன.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சென்ட்ரேலியா என்ற ஊரின் அடியில் 1962இல் பற்றிய நிலக்கரித் தீ இன்னும் எரிகிறது. ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் ஏறக்குறைய காலியாகிவிட்டது. சீனாவின் சின்ஜியாங்கில் லியூஹுவாங்கோ படுகையில் நூறாண்டுக்கு மேல் எரிந்த தீயை 2004இல்தான் அணைத்தார்கள். எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒன்று கேட்டுவிட்டு அமர்கிறேன். 2005ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த சின்ஜியாங் தீ பூஜ்யம். அதற்கு முன் அங்கிருந்து எழுந்த புகையை எந்த ஆண்டில் எழுதப் போகிறீர்கள்?