நூர்பர்க்ரிங்: நீளமே அழகு, நீளமே ஆபத்து

அனைவருக்கும் வணக்கம்.

பந்தயத் தடம் என்றால் இன்று கண்முன் வருவது அகலமான சாலை, ஓரத்தில் தாராளமான காலி இடம், ஐந்தாறு கிலோமீட்டரில் முடிந்துவிடும் ஒரு சுற்று. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் அந்தக் கணக்கில் அடங்காது. 1927-இல் திறந்தபோது அதன் வடக்குச் சுற்று மட்டுமே ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர். அந்தத் தடத்தின் பெருமை, கொடுமை இரண்டுக்கும் இந்த நீளம்தான் காரணம் என்பேன்.

தடம் அமைந்த ஐஃபெல் மலைப்பகுதி அன்று ஏழைப் பகுதி. வேலையில்லாதவர்களுக்கு வேலை தரும் திட்டமாகத்தான் 1925-இல் கட்டுமானம் தொடங்கியது. மலையை வெட்டிச் சமப்படுத்தவில்லை. மலை போன போக்கில் சாலையும் போனது. அதனால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் சுமார் 300 மீட்டர் உயர வித்தியாசம். வளைவுகள் எத்தனை என்று கேட்டால், எண்ணுபவருக்கு எண்ணுபவர் கணக்கு மாறும்.

அதில் ஒரு வளைவைப் பார்ப்போம். பெயர் கருசல். வளைவின் உள்பக்கம் கான்கிரீட் பலகைகள் பதித்த சரிவான பள்ளம். கார் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கி, தடதடவென்று அதிர்ந்தபடி சுற்றி, மறுமுனையில் துள்ளி வெளியேறும். ஏறிவரும்போது அந்தப் பள்ளம் சரியாகக் கண்ணில் படாது. எங்கே இறங்க வேண்டும் என்பது ஓட்டுநரின் நினைவில் இருக்க வேண்டும். இப்படிச் சுற்று முழுவதையும் மனப்பாடம் செய்தாலும் போதாது, ஒரு மூலையில் மழை கொட்டும்போது இன்னொரு மூலை காய்ந்து கிடக்கும்.

இந்தத் தடத்தை முழுதாக வசப்படுத்தியவர் யார் என்று கேட்டால், நான் 1957-இன் ஃபார்முலா ஒன் பந்தயத்தைத்தான் சொல்வேன். அர்ஜென்டினா ஓட்டுநர் ஃபாஞ்சியோவுக்கு அப்போது 46 வயது. மாசெராட்டி காரில் முன்னணியில் இருந்தவர், டயர் மாற்றவும் பெட்ரோல் போடவும் நின்றார். அந்த வேலை இழுத்துக்கொண்டே போக, ஃபெராரியில் வந்த ஹாவ்தார்னும் காலின்ஸும் முக்கால் நிமிடத்துக்கும் மேலாக முந்திவிட்டார்கள். அப்புறம் நடந்ததுதான் அதிசயம். சுற்றுக்குச் சுற்று சாதனையை உடைத்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிட 8 விநாடி குறைவாக, 9 நிமிடம் 17.4 விநாடியில் ஒரு சுற்றை முடித்தார். கடைசிக்கு முந்தைய சுற்றில் இருவரையும் தாண்டி, 3.6 விநாடி வித்தியாசத்தில் ஜெயித்தார். ஐந்தாவது உலகப் பட்டமும் அன்றே உறுதியானது. குட்டையான தடத்தில் இவ்வளவு நேரத்தை மீட்க இடமே கிடையாது.

சரி, மறுபக்கத்துக்கு வருவோம். 22 கிலோமீட்டருக்கும் போதுமான தீயணைப்பு ஆட்களையும் ஆம்புலன்ஸ்களையும் நிறுத்துவது எப்படி? ஆஸ்திரிய ஓட்டுநர் நிக்கி லௌடா கேட்டது இதைத்தான். 1975-இல் இங்கே 7 நிமிடத்துக்குள் சுற்றை முடித்த முதல் மனிதர் அவர். தடத்தைக் கண்டு பயந்து பேசினார் என்று யாரும் சொல்ல முடியாது. 1976 பந்தயத்தைப் புறக்கணிக்கலாம் என்றார். ஓட்டுநர்களில் பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.

அந்த ஆகஸ்ட் 1-ஆம் தேதி, இரண்டாவது சுற்றில், பெர்க்வெர்க் வளைவுக்குச் சற்று முன்னால் அவருடைய ஃபெராரி சரிவில் மோதித் தீப்பிடித்தது. அவரைத் தீயிலிருந்து இழுத்தவர்கள் பின்னால் வந்த சக ஓட்டுநர்கள்: மெர்சாரியோ, லங்கர், எட்வர்ட்ஸ், எர்ட்ல். பெல்ட்டைக் கழற்றியது மெர்சாரியோ. அந்த நால்வரும் அந்த நேரத்தில் வந்திராவிட்டால் லௌடா இல்லை. ஆறே வாரத்தில் லௌடா ஆறாத காயங்களோடு இத்தாலியின் மோன்சா தடத்தில் ஓட்டி, நான்காவதாக வந்தார்.

ஃபார்முலா ஒன் அதன்பின் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவில்லை. அது சரியான முடிவு. பழைய தடத்தின் அருமை போய்விட்டதே என்று வருந்துபவர்கள், அந்த வருத்தத்தை ஓட்டுநரின் உயிரோடு எடைபோட்டுப் பார்க்க வேண்டும். 1984-இல் பக்கத்திலேயே புதிய, குட்டையான தடம் வந்தது. வடக்குச் சுற்றில் 24 மணி நேரப் பந்தயம் இன்றும் நடக்கிறது. பந்தயம் இல்லாத சில நாட்களில் கட்டணம் கட்டினால் யாரும் சொந்தக் காரில் ஓட்டலாம். அப்போது அது ஒரு சாதாரண சுங்கச்சாலை. இடப்பக்கமாக மட்டுமே முந்த வேண்டும், போக்குவரத்து விதி எல்லாருக்கும் பொது.