ஜெர்மன் கூட்டுச்சொல்லா? கடைசியிலிருந்து தொடங்குங்கள்

[திரையில் ஒரே வரியில்: ஷ்ட்ராஸன்பான்ஹால்ட்டெஷ்டெல்லெ]

வணக்கம். இந்தச் சொல்லை முன்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படித்தால் பாதியிலேயே மூச்சு வாங்கும், அதனால் நேராகக் கடைசிக்குப் போய்விடுங்கள். அங்கே இருப்பது ‘ஷ்டெல்லெ’, அதாவது இடம். சரி, இது ஏதோ ஓர் இடம். எந்த இடம் என்று சொல்லத்தான் முன்னால் இத்தனையும்.

[சொல் நடுவில் இரண்டாகப் பிரிகிறது]

எடுத்த எடுப்பில் நான்கு துண்டாக வெட்டாதீர்கள், இரண்டாகப் பிரித்தால் போதும். வலது பாதி ‘ஹால்ட்டெஷ்டெல்லெ’, வண்டி நிற்கும் இடம். இடது பாதி ‘ஷ்ட்ராஸன்பான்’, தெருவில் ஓடுகிற ரயில், அதாவது டிராம். ஆக, டிராம் ஸ்டாப்!

ஜெர்மனில் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்ட முன்னால் வருகிற டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (அஃறிணைப்பால்) தொல்லையும் இங்கே பாதி குறைகிறது. கடைசிச் சொல்லுக்கு எதுவோ அதுவேதான் முழுச் சொல்லுக்கும். ‘ஹவுஸ்’ என்ற வீட்டுக்கு டாஸ், ‘ட்யூர்’ என்ற கதவுக்கு டீ, வீட்டுக்கதவான ‘ஹவுஸ்ட்யூர்’ டீ. அட்டை என்ற ‘கார்ட்டெ’ டீ என்று ஒருமுறை மனதில் பதிந்துவிட்டால் பயணச்சீட்டு ‘ஃபார்கார்ட்டெ’, மெனு ‘ஷ்பைஸெகார்ட்டெ’, வரைபடம் ‘லாண்ட்கார்ட்டெ’ எல்லாமே கையோடு வந்துவிடும். பன்மையிலும் கடைசித் துண்டுதான் மாறும்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த வரிசை புதிதே இல்லை. வாழைத்தோட்டம் என்றால் தோட்டம், தோட்டத்து வாழை என்றால் வாழை. அப்புறம் ‘ஷ்ட்ராஸன்பான்’ சொல்லில், தெரு என்ற ‘ஷ்ட்ராஸெ’ பக்கத்தில் முளைத்த அந்த ‘ன்’? புளியும் மரமும் சேர்ந்து புளியமரம் ஆகும்போது நடுவில் வருகிற சாரியை மாதிரிதான் அதுவும். எங்கே எது வரும் என்பதற்கு முழுமையான விதி கிடையாது, பழகத்தான் வேண்டும். ஆனால் உங், ஹைட், கைட், ஷாஃப்ட், டேட், இயோன் என்று முடிகிற சொல்லுக்குப் பின்னால் கிட்டத்தட்ட எப்போதும் ‘ஸ்’ வரும்: காப்பீடு ‘ஃபெர்ஸிஷெருங்’, காப்பீட்டு அட்டை ‘ஃபெர்ஸிஷெருங்ஸ்கார்ட்டெ’. நீளச் சொல்லில் எங்கே வெட்டுவது என்று தேடும்போது இந்த ‘ஸ்’ தான் நல்ல அடையாளம்.

[திரையில் இரண்டு பாட்டில்கள்]

இனிமேல்தான் விஷயமே. ‘ஒராங்ஷன்ஸாஃப்ட்’ ஆரஞ்சு ஜூஸ். ‘ஹூஸ்டன்ஸாஃப்ட்’? ‘ஹூஸ்டன்’ என்றால் இருமல், ஆனால் இருமலைப் பிழிந்தா ஜூஸ் எடுக்கிறார்கள், அது இருமலுக்குக் குடிக்கிற சிரப். இரண்டு துண்டுக்கும் என்ன உறவு என்று ஜெர்மன் வெளியே சொல்லாது. நாமும் அப்படித்தான், மூலிகை மருந்து மூலிகையால் செய்தது, இருமல் மருந்து இருமலைப் போக்குவது. அதனால் துண்டுகளின் அர்த்தத்தைக் கூட்டிப் பார்த்ததோடு நிறுத்தாமல், அந்த வாக்கியத்தில் எது பொருந்துகிறது என்றும் பாருங்கள்.

வெட்டும் இடம் மாறினாலும் அர்த்தம் மாறிவிடும். ‘ஷ்டவ்பெக்கன்’ என்ற சொல்லை ‘ஷ்டவ்’, ‘பெக்கன்’ என்று பிரித்தால் நீர்த்தேக்கம், அதே எழுத்துகளை ‘ஷ்டவ்ப்’, ‘எக்கன்’ என்று பிரித்தால் தூசி படிந்த மூலைகள்.

ஜெர்மனியின் மெக்லன்பூர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலத்தில் 1999-இல் மாட்டிறைச்சி லேபிள் கண்காணிப்பு பற்றி ஒரு சட்டம் வந்தது, 2013-இல் நீக்கிவிட்டார்கள். அதன் பெயர் 63 எழுத்தில் ஒரே சொல்! அதுவும் ‘கெஸெட்ஸ்’, அதாவது சட்டம், என்றுதான் முடிகிறது, எனவே டாஸ்.

[திரையில்: கெஷ்விண்டிஷ்கைட்ஸ்பெக்ரென்ட்ஸுங்]

இது வேகக் கட்டுப்பாடு. எங்கே வெட்டுவீர்கள், டேரா, டீயா, டாஸா? கமெண்ட்டில் எழுதுங்கள்.