ஹார்மோன் மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

நாள் தள்ளிப்போய், கர்ப்பம் உறுதியான சில நாட்களில் லேசாக ரத்தம் கசிந்தால் வீட்டில் முதலில் எழும் கேள்வி, "கரு தங்குவதற்கு ஊசி போட்டாயா?" என்பதுதான். அந்த ஊசியில் இருப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன். அதன் பெயர் இன்று பலருக்கும் பழக்கம். ஆனால் அதைப் பெற்றுக்கொண்டு கருப்பையில் வேலையை நடத்தும் புரதத்தை யாரும் விசாரிப்பதில்லை. நான் இன்று பேச வந்தது அந்தப் புரதத்தைப் பற்றி.

அதை ஏற்பி என்கிறோம். கடிதம் எத்தனை வந்தாலும் வாங்கிப் படிக்க வீட்டில் ஆள் வேண்டுமல்லவா? ஹார்மோன் வந்து பற்றியதும், ஏற்பி செல்லின் உட்கருவில் டி.என்.ஏ.வோடு இணைந்து, தேவையான மரபணுக்களை இயக்குகிறது. கருப்பையின் உட்சுவர் மென்மையாகிக் கருவை ஏற்பதும், தசைகள் சுருங்காமல் அடங்கியிருப்பதும் இதனால்தான்.

1980-இல் பிரான்சில் உருவான மிஃபெப்ரிஸ்டோன் என்னும் மருந்து இதற்குச் சான்று. கருக்கலைப்புக்குப் பயன்படும் அந்த மாத்திரை ஹார்மோனை அழிப்பதில்லை. ஏற்பியில் ஹார்மோன் பற்ற வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் நிறைந்திருக்கும்போதே கர்ப்பம் கலையத் தொடங்குகிறது. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல அது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஏற்பிக்கான மரபணு நமது பதினோராவது குரோமோசோமில் இருக்கிறது. மரபணு ஒன்றுதான், உருவாகும் புரதமோ இரண்டு வகை. 'பி' வகையில் 933 அமினோ அமிலங்கள். 'ஏ' வகையில் தொடக்கத்திலுள்ள 164 இல்லை. அந்தச் சிறு வேறுபாடு என்ன செய்யும்? 'ஏ' வகை இல்லாத பெண் எலிகளுக்குக் கரு தங்கவில்லை. 'பி' வகை இல்லாதவற்றுக்குக் கருப்பையில் குறையில்லை. பால் சுரப்பிகள்தான் சரியாக வளரவில்லை. மனிதக் கருப்பையிலும் ஏற்பியின் அளவு ஒரே சீராக இருப்பதில்லை. கரு ஒட்டிக்கொள்ளும் நாட்களில் உட்சுவரின் சுரப்பிச் செல்களில் ஏற்பி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அவற்றைச் சூழ்ந்திருக்கும் திசுவில் மட்டும் நீடிக்கிறது. ஏற்பி அதிகமாக இருந்தால் நல்லது என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆனாலும் அதிகமாக இருந்ததால் நன்மை கண்ட ஒரு கூட்டம் உண்டு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன நியாண்டர்தால் மனிதர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களோடு நம் மூதாதையர் கலந்தபோது இந்த ஏற்பி மரபணுவின் ஒரு மாற்று வடிவமும் நம்மிடம் வந்து சேர்ந்தது. ஹூகோ ஸீபெர்க், ஜேனட் கெல்சோ, ஸ்வாண்டே பேபோ ஆகியோர் 2020-இல் இதை வெளியிட்டார்கள். பேபோ 2022-இல் நோபல் பரிசு பெற்றவர். பிரிட்டனின் உயிரியல் தரவு வங்கியில் இருந்த 2,44,000 பெண்களின் விவரங்களை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இந்த வடிவம் இருந்தது. அவர்களுக்குக் கருச்சிதைவும் தொடக்க மாத ரத்தக்கசிவும் குறைவு. உடன்பிறந்தோர் எண்ணிக்கை கூடுதல். இந்த வடிவத்தைக் கொண்டவர்களின் திசுக்களில் ஏற்பி அதிகம் உற்பத்தியாவதும் தெரிந்தது. அதே வடிவத்தைக் குறைமாதப் பிரசவத்தோடு தொடர்புபடுத்திய ஆய்வுகளும் உண்டு. கலைந்திருக்க வேண்டிய சில கர்ப்பங்கள் தாக்குப்பிடித்து, ஆனால் முழு மாதத்தை எட்டாமல் போகின்றனவோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி ஊசி, மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். தொடக்க மாதங்களில் ரத்தக்கசிவு ஏற்பட்ட 4,153 பெண்களை வைத்துப் பிரிட்டனில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2019-இல் வெளியானது. புரோஜெஸ்டிரோன் பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கு உயிருள்ள குழந்தை; ஒப்பிடுவதற்காக, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து பெற்றவர்களில் 72 சதவீதம். இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் 72-க்கு 57 என்று இடைவெளி விரிகிறது. ஆகவே கசிவும், முன்பு கரு கலைந்த வரலாறும் சேர்ந்திருக்கும் பெண்ணுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கர்ப்பம் உறுதியானதுமே எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லாத வழக்கம்.

தொடக்கக் கருச்சிதைவுகளில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். அங்கே ஹார்மோனும் உதவாது, ஏற்பியும் உதவாது. மாமியாரும் அண்டை வீட்டாரும் சுட்டிக்காட்டும் பஸ் பயணமோ மாடிப்படியோ அதற்குக் காரணமும் அல்ல.

ஏற்பி மரபணுவைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார்கள். முடிவைப் பார்த்துச் சிகிச்சையை மாற்றும் நிலை இன்று இல்லை. அந்தச் செலவு வேண்டாம். கசிவு கண்டால் ஸ்கேன் எடுத்துக் கருவின் இதயத்துடிப்பைப் பாருங்கள், ரத்த வகை நெகட்டிவா என்று தெரிந்துகொள்ளுங்கள், முன்பு கரு கலைந்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.